புழுங்கல் அரிசி சொன்ன சாட்சியம்

"நமது முன்னோர் விற்றமின்களை அறிந்தே புழுங்கல் அரிசியை உண்டனர்" என்றொரு கூற்று தமிழரிடையே வெகுவாகப் பரவியுள்ளது. பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில், வாசகர்கள் அனுப்பும் கட்டுரைகளில் இதனை அடிக்கடி கண்டிருக்கிறேன். பெருமை தரும் கதைதான். ஆனால் உண்மையான வரலாறு இதனினும் சுவையானது, துயரமானதும்கூட.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் பெருகின. தவிடு முற்றாக நீக்கப்பட்ட வெள்ளை அரிசி ஆசியாவின் பல பாகங்களிலும் தாராளமாகக் கிடைக்கலாயிற்று. வெண்மையே தூய்மை, தூய்மையே உயர்வு என்று மக்கள் எண்ணினர். கூடவே பெரிபெரி நோயும் பெருகிற்று. கால்கள் மரத்து, உடல் வீங்கி, ஈற்றில் இதயம் ஓய்ந்துவிடும் நோய் அது. அதன் பெயர், பலவீனத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பர்.

கிருமியே காரணம் என்று அக்கால மருத்துவர் பலர் நம்பினர். 1890களில் ஜாவாத் தீவின் பத்தாவியாவில், எய்க்மன் என்ற ஒல்லாந்த மருத்துவர், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் நோயுறுவதையும் தவிடு கொடுத்தால் தேறுவதையும் கண்டார். அரிசியிலுள்ள நஞ்சைத் தவிடு முறிக்கிறது என்பது அவர் கொண்ட கருத்து. நஞ்சு இருப்பதன்று, ஒரு சத்து இல்லாதிருப்பதே காரணம் என்று 1901இல் சொன்னவர், அவர் பணியைத் தொடர்ந்த கிரைன்ஸ் ஆவார்.

நமக்கு நெருக்கமான அத்தியாயம் மலாயாவில் நிகழ்ந்தது. அங்கே சீனத் தொழிலாளர் பெரிபெரியால் பெருந்தொகையாக மடிந்தனர். அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. சீனர் உண்டது சீயம் நாட்டு வெள்ளை அரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. டொக்டர் பிராடன் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டொக்டர் பிளெச்சர், நோயாளரை இரு பகுதியினராகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வெள்ளை அரிசியும் மற்றவர்க்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டோரில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. மனநோயாளரிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இருக்கவில்லை.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள தயமின் என்ற விற்றமினில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்றுவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் அது முற்றாகப் போய்விடுவதில்லை. இச்சத்து 1926இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

அவ்வாறாயின் நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனரா? இல்லை. அவித்த நெல்லின் உமி இலகுவில் கழரும், குத்தும்போது அரிசி நொறுங்காது, நெடுநாள் கெடாதிருக்கும். இவையே அவர்கள் கண்டறிந்த பயன்கள். உயிர்காத்த சத்து, அவர்கள் அறியாமலே கூடவே வந்தது.

வெள்ளையானது யாவும் நல்லது என்ற எண்ணம் அன்று உயிர்களைக் குடித்தது. பழையது யாவும் மருந்து என்ற எண்ணம் இன்று வேறு வடிவில் நிலவுகிறது. புழுங்கல் அரிசிதானே என்று நீரிழிவு நோயாளர் அளவின்றி உண்பதை இன்றும் காண்கிறேன். அதுவும் மாப்பொருள்தான் என்பதை மறந்துவிடுகிறோம். ஓர் உணவின் நிறத்தையும் பழம்பெருமையையும் விட, அதை உண்டவர்க்கு என்ன நேர்ந்தது என்பதையே பார்க்கவேண்டும். மலாயாவில் உண்மை வெளிப்பட்டது அவ்வாறுதான்.