செயல்முறைக் கட்டுப்பாட்டுக்கான தொடர்புக் கேபிள்கள்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், உர ஆலை, அனல்மின் நிலையம், காகித ஆலை போன்ற இடங்களில் வெப்பநிலை, அழுத்தம், பாய்வு, மட்டம் ஆகியவற்றை அளக்கும் கருவிகளையும், வால்வுகளையும் கட்டுப்பாட்டு அறையோடு இணைப்பவை இந்தக் கேபிள்கள். ஆலைக்காரர்கள் இவற்றை இன்ஸ்ட்ருமென்ட் கேபிள், சிக்னல் கேபிள் என்பார்கள். பவர் கேபிள் ஆற்றலைச் சுமக்கிறது, இது செய்தியைச் சுமக்கிறது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தில் ஓரிரு வோல்ட் குறைந்தாலும் மோட்டார் சுற்றும். ஆனால் வெப்பநிலையை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள் ஒரு டிகிரி செல்சியசுக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட்தான். வழியில் ஒரு மில்லிவோல்ட் கலந்துவிட்டால் திரையில் தெரியும் வெப்பநிலை ஏறத்தாழ 25 டிகிரி பிசகிவிடும். இந்தக் கேபிளின் அமைப்பு முழுவதும் அந்தக் கலப்பைத் தடுப்பதற்காகவே உருவானது.

4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை

மின்னணுக் கருவிகள் வருவதற்கு முன் செய்தியைக் கொண்டுபோனது காற்று. செம்புக் குழாய்களில் 3 முதல் 15 பி.எஸ்.ஐ. வரையிலான காற்றழுத்தமே அளவைச் சொன்னது. அதே விகிதத்தை மின்சாரம் 4–20 மில்லிஆம்பியராக எடுத்துக்கொண்டது. 0 முதல் 10 பார் வரை அளக்கும் கருவி, அழுத்தம் ஏதும் இல்லாதபோது 4 மில்லிஆம்பியரையும், 5 பாரில் 12 மில்லிஆம்பியரையும் அனுப்பும். சுழியத்தைச் சுழி மின்னோட்டத்தால் காட்டாததில்தான் இதன் நுட்பம் இருக்கிறது. கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகிவிடும். ‘அழுத்தம் இல்லை’ என்பதும் ‘செய்தி வரவில்லை’ என்பதும் இரண்டு வேறு நிலைகள் என்று கட்டுப்பாட்டு அறைக்கு அப்போதே தெரிந்துவிடும். கருவிக்கு வேண்டிய மின்சாரமும் அதே இரண்டு கம்பிகளில் போகிறது.

மின்னழுத்தத்தை விட்டு மின்னோட்டத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் தூரம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். போக வர 24 ஓம். 20 மில்லிஆம்பியர் ஓடும்போது கம்பியில் இழப்பது அரை வோல்ட்டுக்கும் குறைவு. 24 வோல்ட் சப்ளையில் இது பொருட்டல்ல. சுற்றில் எங்கு அளந்தாலும் மின்னோட்டம் ஒன்றே என்பதால் அளவு மாறுவதும் இல்லை.

1980களின் நடுவில் ரோஸ்மவுன்ட் நிறுவனம் உருவாக்கிய ஹார்ட் நெறிமுறை இதே கம்பிகளின் மேல் எண்முறைச் செய்தியையும் ஏற்றியது. 1 என்பதற்கு 1200 ஹெர்ட்ஸ், 0 என்பதற்கு 2200 ஹெர்ட்ஸ் அலை. அலையின் சராசரி சுழியம் ஆதலால் அடியில் ஓடும் 4–20 அளவு கெடாது.

முறுக்கும் உறையும்

இரண்டு கம்பிகளைப் பின்னிப் போடும் முறைக்கு அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்றார். பக்கத்துப் பவர் கேபிளின் காந்தப்புலம் ஒவ்வொரு அரைமுறுக்கிலும் தூண்டும் மின்னழுத்தம் அடுத்த அரைமுறுக்கில் திசை மாறி முன்னதை அழித்துவிடுகிறது. மின்புலத்தால் வரும் இரைச்சலைத் தடுப்பது முறுக்கின் மேல் சுற்றிய அலுமினியம்–மைலார் நாடா, அதாவது ஷீல்டு. நாடாவைத் தொட்டபடி வெள்ளீயம் பூசிய, காப்புறை இல்லாத செம்புக் கம்பி ஒன்று ஓடும். அதுதான் டிரெயின் வயர்.

கேபிள் நல்லதாக இருந்து முனைவேலை கெட்டால் பயன் இல்லை. களத்தில் ஜங்ஷன் பாக்ஸுக்குள் கேபிளை நுழைக்கும் கைகளைக் கவனித்தால் இது விளங்கும். கேபிளின் உலோகக் கவசமான ஆர்மர் கிளாண்டில் இறுகுகிறது. நாடா நேராக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு கம்பியிலும் எண் பொறித்த ஃபெருல் ஏறுகிறது, லக் கிரிம்ப் ஆகிறது. அனலாக் சுற்றுகளில் டிரெயின் வயரைக் கட்டுப்பாட்டு அறையில் மட்டும் எர்த் செய்வது வழக்கம். கருவியின் பக்கத்தில் அதை ஒட்ட நறுக்கி, சுருங்கும் ஸ்லீவால் மூடிவிடுவார்கள். இரு முனையும் எர்த் ஆனால், இரண்டு இடங்களின் தரை மின்னழுத்த வேறுபாடு ஷீல்டின் வழியே மின்னோட்டத்தை ஓட்டி, 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைச் செய்திக்குள் கொண்டுவரும். அதிவேக எண்முறைக் கேபிள்களில் விதி வேறு. புரோஃபிபஸ் டி.பி. கேபிளின் ஷீல்டை இரு முனையிலும் எர்த் செய்யப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் ஆலை முழுவதும் தரை மின்னழுத்தம் சமமாக்கப்பட்டிருக்க வேண்டும்.

தெர்மோகப்பிளுக்குச் சாதாரணச் செம்புக் கம்பி உதவாது. தெர்மோகப்பிளில் உள்ள அதே உலோகக் கலவையோ, அதற்கு இணையானதோ பேனல் வரை போக வேண்டும். இதில் நிறக் குழப்பம் பெரியது. அமெரிக்க முறையில் சிவப்புதான் எதிர்முனை. மின்வேலை பழகிய கை சிவப்பை நேர்முனையாகவே எடுக்கும். கேபிளின் இரு முனையிலும் மாற்றி இணைத்துவிட்டால் அளவு கிட்டத்தட்டச் சரியாகத் தெரியும், ஆனால் இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டைப் போல இரு மடங்கு பிழை உள்ளே ஒளிந்திருக்கும். முழுதும் தலைகீழாகக் காட்டும் பிழையைவிட இதுவே ஆபத்தானது.

எண்முறைக் கேபிள்கள்

1983இல் வந்த ஆர்.எஸ்.-485 தரம் ஒரே இணைக் கம்பியில் பல கருவிகளைத் தொடராக இணைக்க வழிசெய்தது. ஜெர்மனியில் பிறந்த புரோஃபிபஸ் டி.பி. அதை அடிப்படையாகக் கொண்டது. ஊதா நிற உறையும், உள்ளே சிவப்பு, பச்சைக் கம்பிகளும் அதன் அடையாளம். வேகம் கூடினால் நீளம் சுருங்கும்: விநாடிக்கு 93.75 கிலோபிட்டில் 1200 மீட்டர், 12 மெகாபிட்டில் 100 மீட்டர். முனையில் அலையை உறிஞ்சும் டெர்மினேட்டர் இல்லாவிட்டால், குளக்கரையில் மோதிய அலைபோலச் செய்தி திரும்பி வந்து அடுத்த செய்தியோடு மோதும்.

வெடிக்கும் வாயு உள்ள பகுதிகளுக்கு 31.25 கிலோபிட் வேகத்தில் புரோஃபிபஸ் பி.ஏ., ஃபவுண்டேஷன் ஃபீல்ட்பஸ் ஆகியவை உள்ளன. ஏ வகைக் கேபிளில் இவை 1900 மீட்டர் போகும். பொறி உண்டாக்காத சுற்றுகளின் கேபிள்களை நிறத்தால் பிரிக்கும்போது அதற்கு வெளிர்நீலத்தையே பயன்படுத்துவார்கள். கேபிளே ஒரு மின்தேக்கியாகவும் மின்தூண்டியாகவும் ஆற்றலைச் சேமிப்பதால், அங்கே நீளத்தைக் கணக்கிட்டே போட வேண்டும்.

தீ

1975 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் அலபாமாவில் பிரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில், கேபிள்கள் சுவரைக் கடக்கும் துளையில் காற்று கசிகிறதா என்று மெழுகுவத்திச் சுடரைப் பிடித்துப் பார்த்தார்கள். துளையை அடைத்திருந்த பாலியூரிதேன் நுரை பற்றிக்கொண்டது. சுமார் 7 மணி நேரம் எரிந்த தீயில் 1600க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமாயின. ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வைத்திருந்த பாதுகாப்புச் சுற்றுகளின் கேபிள்கள் பக்கத்துப் பக்கத்தில் போனதால் ஒரே தீ இரண்டையும் வீழ்த்தியது. அதன் பிறகு மாற்றுச் சுற்றுகளை வேறு வேறு வழியில் கொண்டுபோவது அணுமின் துறையில் கட்டாயமானது. கேபிளின் உறையும் தீயைத் தாங்க வேண்டும். இந்திய ஆலைகளில் பரவலாகப் பயன்படும், தீ பரவாத, புகை குறைந்த எஃப்.ஆர்.எல்.எஸ். உறைக்கு ஆக்சிஜன் குறியீடு, அதாவது தொடர்ந்து எரியத் தேவையான ஆக்சிஜன் விழுக்காடு, குறைந்தது 29 இருக்க வேண்டும். காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடுதான் என்பதால் அந்த உறை தானாகத் தொடர்ந்து எரியாது.

ஈதர்நெட்–ஏ.பி.எல்.

சாதாரண ஈதர்நெட் செம்புக் கேபிள் 100 மீட்டரோடு நின்றுவிடும். 2021இல் அறிமுகமான ஈதர்நெட்–ஏ.பி.எல். இரண்டே கம்பிகளில் மின்சாரத்தையும் 10 மெகாபிட் செய்தியையும் 1000 மீட்டர் வரை கொண்டுபோகிறது. ஃபீல்ட்பஸ்ஸுக்குப் போட்ட அதே ஏ வகைக் கேபிளே இதற்கும் போதும் என்பதால், டிரேயில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் கேபிளைப் பிடுங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் முதலில் அதன் காப்புறையை மெகரால் சோதிக்க வேண்டும். அதற்கு முன் இரு முனையிலும் கருவிகளைக் கழற்றிவிட வேண்டும். மெகரின் 500 வோல்ட் கருவியின் மின்னணுப் பகுதியை எரித்துவிடும்.