பெரிய துரையும் கிரேட் பிரிட்டனும்



நம் தோட்டங்களில் நிர்வாகியைப் ‘பெரிய துரை’ என்றும், அவருக்குத் துணையாக இருந்தவரைச் ‘சின்ன துரை’ என்றும் அழைத்து வந்தார்கள். சின்ன துரை ஆறடி உயரமும் பெரிய துரை ஐந்தடி உயரமும் இருந்தாலும் அந்தப் பெயர் மாறியதில்லை. ‘பெரிய’ என்பது நமக்கு உருவத்தையும் குறிக்கும். பதவியையும் வயதையும் குறிக்கும். பெரிய மரம், பெரிய கிராணி, பெரியப்பா எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லே போதும்.

ஆங்கிலத்தில் அப்படியில்லை. ‘பிக்’, ‘லார்ஜ்’, ‘கிரேட்’ என்று மூன்று சொற்கள் முன்னே வந்து நிற்கின்றன. நம் பிள்ளைகள் மூன்றுக்கும் ‘பெரிய’ என்றே பொருள் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். பிறகு காந்தியடிகளைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது ‘லார்ஜ் மேன்’ என்று எழுதிவிட்டால், மெலிந்த உடம்புடைய அண்ணலைப் பருத்த ஆளாக்கிய கதையாகிவிடும். அங்கே எழுத வேண்டியது ‘கிரேட்’. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல, இங்கிலாந்தின் பழைய வரலாற்றுக்குள் சற்றுப் போக வேண்டும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அந்நாட்டு மக்கள் ‘பெரிய’ என்பதற்கு ‘மிச்செல்’ என்ற சொல்லை வழங்கினார்கள். அதுவே தேய்ந்து இன்று ‘மச்’ ஆகிவிட்டது. ‘மிகுதி’ என்ற பொருள்தான் அதற்கு மிஞ்சியிருக்கிறது. ஆனால் ஷ்ராப்ஷயர் வட்டாரத்தில் மச் வென்லாக், லிட்டில் வென்லாக் என்று இரண்டு ஊர்கள் இன்னும் இருக்கின்றன. பெரிய வென்லாக், சின்ன வென்லாக் என்பதே அவற்றின் பொருள். ஊர்ப்பெயர் பழஞ்சொல்லைக் காப்பாற்றுவது நம் நாட்டிலும் உள்ள வழக்கம்தானே! அக்காலத்தில் ‘கிரேட்’ என்ற சொல்லும் இருந்தது. ஆனால் ‘பருத்த’, ‘முரடான’ என்பதே அன்று அதன் பொருள். மேன்மை என்ற கருத்து பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது.

1066-ஆம் ஆண்டில் பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். ஆள்வோர் மொழி ஒன்று, உழுவோர் மொழி வேறொன்று என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. அந்த நிலைமை எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘லார்ஜ்’ என்பது பிரெஞ்சு வழியே வந்த சொல். முதலில் அதற்கு வாரி வழங்கும் தன்மை, அதாவது கொடைக்குணம் என்று பொருள். பிறகே அது அகலத்தையும் அளவையும் குறிக்கத் தொடங்கியது. இன்றும் அது கணக்கு, ஆவணம், அறிக்கை ஆகியவற்றுக்குப் பொருந்தும் மிடுக்கான சொல்லாகவே இருக்கிறது.

‘பிக்’ கதை வேறு. 1300-ஆம் ஆண்டையொட்டி வட இங்கிலாந்தில் அது தலைகாட்டியது. அப்போது ‘வலிமையான’ என்று பொருள். அதன் பிறப்பு யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதிகூட அதன் வேரைக் கண்டுபிடிக்கவில்லை. ஊர் பேர் தெரியாத அந்தச் சொல்தான் இன்று வீட்டிலும் தெருவிலும் முதலில் வாயில் வருவது!

இப்போது ‘கிரேட் பிரிட்டன்’ என்ற பெயருக்கு வருவோம். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் பள்ளிக்குப் போனவர்களில் பலர், ‘மாட்சிமை பொருந்திய நாடு’ என்பதால் அப்பெயர் வந்தது என்று நினைத்திருந்தார்கள். உண்மை அதுவன்று. பிரிட்டன் தீவிலிருந்து ஒரு சாரார் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் கடல் கடந்து பிரான்சின் மேற்குக் கரையில் குடியேறினார்கள். அந்தப் பகுதிக்கும் பிரிட்டன் என்றே பெயர் வந்தது. அதுதான் இன்றைய பிரிட்டனி. இரண்டையும் பிரித்தறிய, தீவைப் ‘பெரிய பிரிட்டன்’ என்றார்கள். 1604-ல் ஜேம்ஸ் மன்னர் அதைத் தம் பட்டப்பெயரில் சேர்த்துக்கொண்டார். 1707-ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இணைந்தபோது அது நாட்டின் பெயராயிற்று. மச் வென்லாக் எப்படியோ அப்படித்தான் கிரேட் பிரிட்டனும்.

சிறிய சொற்களையும் பார்ப்போம். ‘ஸ்மால்’ முதலில் ‘ஒல்லியான’ என்ற பொருளில் வழங்கியது; ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பு இன்றும் ‘குறுகிய’ என்றே பொருள்படும். மலாயாவில் இந்தச் சொல்லுக்கு அரசாங்கக் கணக்கே ஓர் அளவு வைத்தது. 100 ஏக்கரும் அதற்கு மேலும் ரப்பர் இருந்தால் ‘எஸ்டேட்’. அதற்குக் குறைந்தால் ‘ஸ்மால்ஹோல்டிங்’. இரண்டு ஏக்கர் வைத்திருந்தவரும் 99 ஏக்கர் வைத்திருந்தவரும் ஏட்டில் ஒரே இனம்!

‘லிட்டில்’ என்பது பழைய ஆங்கிலச் சொல். பெரும்பாலும் பரிவோடு வரும். ‘ஸ்மால் ஹவுஸ்’ என்றால் அளவில் சிறிய வீடு. ‘லிட்டில் ஹவுஸ்’ என்றால் நம் சின்னஞ்சிறு வீடு. ஆனால் அதற்குமுன் ‘எ’ என்ற ஓரெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘ஒன்று’ என்பதற்கான பழைய சொல்லின் தேய்ந்த உருவம் அது. ‘எ லிட்டில் வொர்க்’ என்றால் கொஞ்சம் வேலை இருக்கிறது. ‘லிட்டில் வொர்க்’ என்றால் வேலை இல்லாத குறைதான். அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன், அந்த எழுத்து இருக்கிறதா என்று படிக்கிற பிள்ளையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.