நிலுவைக் கணக்கின் வரலாறு: திருத்தணியிலிருந்து ஒரு பார்வை

திருத்தணித் தாலுகாவின் மேல்முறையீடுகள் ஆறு ஆண்டுகளுக்குள் மூன்று நகரங்களைப் பார்த்தவை. 1953 அக்டோபரில் சித்தூர் மாவட்டத்தோடு இத்தாலுகாவும் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. அதன் பிறகும் சில மாதங்கள் சென்னை உயர் நீதிமன்றமே நீடித்தது. 1954 ஜூலையில் அந்த இடத்துக்குக் குண்டூர் வந்தது, 1956 நவம்பரில் ஐதராபாத். ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் எல்லைத் தகராறைத் தீர்க்க நியமிக்கப்பட்ட படாஸ்கரின் பரிந்துரைக்கும் பின் 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி திரும்பி வந்தபோது மறுபடியும் சென்னை.

போராட்டத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். வழக்குக் கட்டுகளின் பயணம்தான் நீதிமன்ற நிலுவையை அளக்கும் ஆய்வாளருக்குப் பாடம். ஒரு வழக்கு வேறு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டால் பழைய நீதிமன்றத்தின் நிலுவையில் ஒன்று குறைகிறது, புதிய நீதிமன்றத்தின் வரவில் ஒன்று கூடுகிறது. பைசலானது எதுவுமில்லை. வழக்காடியோ அதே வாய்தாவுக்குத்தான் அலைகிறார்.

எண்ணிக்கையை நம்பும் வழக்கம் பழையது. 1924இல் அமைந்த ராங்கின் குழு சிவில் வழக்குகளின் தாமதத்தை விரிவாக ஆராய்ந்தது. 1958இல் சட்ட ஆணையத்தின் 14ஆவது அறிக்கை அதே நோயைத் திரும்பவும் பேசியது. 1987இல் வந்த 120ஆவது அறிக்கை மக்கள்தொகையை அளவுகோலாக்கி, பத்து லட்சம் பேருக்குச் சுமார் பத்து நீதிபதிகள் என்றிருந்ததை ஐம்பதாக உயர்த்தச் சொன்னது. கேட்க நியாயமாக இருந்தாலும் இது முரட்டு அளவுகோல். நீதிமன்றத்துக்கு வருவது வழக்குகளே. அவை எல்லா ஊரிலும் மக்கள்தொகைக்கு ஏற்ப வருவதில்லை.

இந்தக் குறையை வெளிப்படையாகச் சொன்னது 2014இல் வந்த 245ஆவது அறிக்கை. இம்தியாஸ் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டதால் எழுந்தது அது. ஒரு நீதிபதி ஆண்டுக்கு எத்தனை வழக்குகளை முடிக்கிறார் என்ற வீதத்திலிருந்து தேவையான நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட அது முயன்றது. உயர் நீதிமன்றங்கள் ஒரே முறையில் எண்ணுவதில்லை என்பதையும் எடுத்துக்காட்டியது: ஓரிடத்தில் இடைக்கால மனு தனி வழக்கு, இன்னோரிடத்தில் அது கணக்கிலேயே இல்லை. போக்குவரத்து அபராதத்துக்கும் இதே கதிதான். சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் இருக்கும் திருத்தணி போன்ற ஊரில் இது சிறிய விஷயமல்ல. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி நிமிடங்களில் முடியும் வழக்கும், மூன்று தலைமுறை வாரிசுகள் இழுக்கும் பாகப்பிரிவினை வழக்கும் பட்டியலில் ஒவ்வொன்றாகவே நிற்கின்றன.

வழக்கின் தன்மைக்கேற்ப எடை தரும் அலகு முறையைத் தேசிய நீதிமன்ற மேலாண்மைக் குழு முன்வைத்தது. 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் அதை இடைக்கால ஏற்பாடாக ஏற்றது. சரியான திசைதான். ஆனால் அலகுகளைச் சேர்ப்பதே நீதிபதியின் நோக்கமானால் எளிய வழக்கு முன்னால் ஓடும், பழைய வழக்கு அலமாரியில் தூங்கும். ஐரோப்பிய நீதிமன்றங்கள் பைசல் வீதத்தோடு நிலுவையை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்ப்பதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

2015 முதல் தேசிய நீதித் தரவுத் தொகுப்பு பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. மாவட்ட வாரியாக, வழக்கின் வயது வாரியாக நிலுவையை அதில் காணலாம். திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டக் கணக்கைத் திறந்தால் மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, பத்தாண்டைத் தாண்டியவை எத்தனை என்பதை முதலில் பாருங்கள்.