பாலாற்று வழக்கும் கருத்தரங்குகளில் வழக்கறிஞரின் இடமும்

சுற்றுச்சூழல் சட்டம் பற்றிய ஆய்வுக் கருத்தரங்குகளில் வழக்கறிஞரின் பங்கு யாது என்னும் வினாவிற்குப் பாலாற்று வழக்கு விடை தருகிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது. அக்கணக்கு வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் மனுவில் இடம்பெற்றது, வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார்.

1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையையும் இந்நாட்டுச் சட்டத்தின் கூறுகளாக ஏற்றது; சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமையவும் வழிகோலியது.

ஆய்வாளரின் அளவீடு வழக்கறிஞர் வழியாகவே சான்றாகிறது. எனவே, கருத்தரங்குகள் அவரை வாழ்த்துரைக்கு அழைப்பதோடு நில்லாமல், தரவு சான்றாகும் நெறியை விளக்கும் ஆய்வுரையாளராக ஏற்றல் வேண்டும்.