மார்ஸ் பறக்கும் படகுகளும் காட்டுத்தீயும்

நீரிலேயே இறங்கி, நீரிலிருந்தே எழும்பும் வானூர்தி பறக்கும் படகு எனப்படுகிறது. மிதவைகளைக் கால்களாகக் கொண்ட சிறிய நீர் விமானங்களிலிருந்து இது வேறுபட்டது. இதன் உடற்பகுதியே படகு போல நீரில் அமர்கிறது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் கட்டிய மார்ஸ், இவ்வகையில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. போருக்காகப் பிறந்த இது, கனடாவின் காடுகளில் தீயணைப்பு விமானமாகவே பெயர் பெற்றது.

மார்ஸின் முன்மாதிரி 1942இல் முதன்முறையாகப் பறந்தது. கடலில் நெடுந்தொலைவு சுற்றி வந்து ரோந்து புரியவும் குண்டு வீசவும் என்றே இது வடிவமைக்கப்பட்டது. ஆனால் போரின் போக்கு மாறியதால் அமெரிக்கக் கடற்படை இதைச் சரக்கு விமானமாக மாற்றிக்கொண்டது. 20 விமானங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆணை, போர் முடிந்ததும் குறைக்கப்பட்டது. முதலில் கட்டப்பட்ட ஹவாய் மார்ஸ் 1945லேயே விபத்தில் அழிந்தது. பிலிப்பைன், மரியானாஸ், மார்ஷல், இரண்டாவது ஹவாய், கரோலைன் என ஐந்து விமானங்கள் பணிக்கு வந்தன. பசிபிக் தீவுகளின் பெயர்களே இவற்றுக்குச் சூட்டப்பட்டன. 1949இல் மார்ஷல் மார்ஸ் ஒரே பயணத்தில் 300க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிச் சென்றது. அடுத்த ஆண்டே அது எஞ்சினில் தீப்பிடித்து ஹவாய்க் கடலில் மூழ்கியது. நல்வேளையாக, அதில் இருந்தவர்கள் உயிர் தப்பினர்.

போர்க்காலத்தில் உலகெங்கும் நீண்ட ஓடுபாதைகள் அமைந்துவிட்டதால் பறக்கும் படகுகளின் தேவை குறைந்தது. மீதமிருந்த நான்கு மார்ஸ்களையும் கடற்படை 1956இல் பணியிலிருந்து விலக்கியது. 1959இல் அவை பழைய இரும்பு விலைக்கு ஏலம் போயின.

அவற்றைக் காப்பாற்றியவர் டான் மெக்கைவர் என்ற கனடிய விமானி. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மெக்மில்லன் ப்ளோடெல் என்னும் மர நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். சிறிய விமானங்கள் கொட்டும் நீர் அப்பெருங்காடுகளின் தீக்குப் போதவில்லை. சாதாரணத் தீயணைப்பு விமானம் ஒவ்வொரு முறையும் விமான நிலையத்துக்குத் திரும்பித்தான் தொட்டியை நிரப்ப வேண்டும். ஏரிகளும் கடற்கழிகளும் நிறைந்த வான்கூவர் தீவிலோ, தீக்கு அருகிலேயே நீர் கிடைக்கும். மர நிறுவனங்கள் ஒன்றுகூடித் தொடங்கிய கூட்டமைப்பு நான்கு விமானங்களையும் வாங்கியது. இதற்கு அரசு அல்ல, காட்டை வெட்டி வாழ்ந்த நிறுவனங்களே பணம் போட்டன என்பது கவனிக்கத்தக்கது. எரிவது அவர்களுடைய முதல் அல்லவா!

தொடக்கம் கொடுமையாக இருந்தது. 1961 ஜூன் மாதம், தீயணைப்புப் பணியின்போது மரியானாஸ் மார்ஸ் பார்க்ஸ்வில் அருகே மலைச்சரிவில் மோதியது. அதில் இருந்த நால்வரும் இறந்தனர். 1962 அக்டோபரில் வீசிய ஃப்ரீடா புயல், கரையில் நிறுத்தப்பட்டிருந்த கரோலைன் மார்ஸைத் தூக்கி எறிந்து உடைத்தது. ஹவாய், பிலிப்பைன் என்ற இரண்டு மட்டுமே மிஞ்சின. போர்ட் அல்பெர்னி நகருக்கு அருகிலுள்ள ஸ்ப்ரோட் ஏரியைத் தளமாகக் கொண்டு அவை அரை நூற்றாண்டு காலம் பணிபுரிந்தன.

நீர் அள்ளும் முறை வியப்புக்குரியது. விமானம் ஏரியில் நிற்பதில்லை. மணிக்குச் சுமார் 130 கி.மீ. வேகத்தில் நீரின் மேல் வழுக்கிச் செல்கிறது. அடிப்பகுதியிலிருந்து இறக்கப்படும் இரண்டு குழாய்கள் வழியாக, அந்த வேகத்தின் அழுத்தத்தாலேயே நீர் தொட்டிக்குள் பாய்கிறது. ஏறத்தாழ 27,000 லிட்டர் நிரம்ப அரை நிமிடம் போதும்; அதாவது வினாடிக்கு ஒரு டன் அளவுக்கு எடை கூடுகிறது. அப்போது எஞ்சின்களின் விசை விமானியின் கையில் இருப்பதில்லை. எடை ஏற ஏற வேகம் குறையாதபடி, பறப்புப் பொறியாளரே நான்கு எஞ்சின்களுக்கும் விசை கூட்டுகிறார். பின்னர் நீருடன் நுரைப்பொருள் கலக்கப்படுகிறது. ஒருமுறை கொட்டினால் சுமார் 4 ஏக்கர் பரப்பு நனையும்.

ஆனால் 61 மீட்டர் இறக்கை அகலமும் முழுச் சுமையில் 75 டன் எடையும் கொண்ட விமானத்துக்கு நீண்ட, ஆழமான ஏரி வேண்டும். மாகாணத்தின் எண்ணற்ற சிறிய ஏரிகளால் அதற்குப் பயனில்லை. கூட்டமாக வந்து சிற்றேரிகளிலும் நீர் அள்ளக்கூடிய சிறிய விமானங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. 2007இல் கோல்சன் நிறுவனம் இரண்டையும் வாங்கியது. மாகாண அரசின் ஒப்பந்தம் 2013உடன் முடிந்தது. 2015இல் தீ பரவியபோது, மார்ஸைத் திரும்ப அழைக்கக் கோரி மக்கள் பெருந்திரளாகக் கையெழுத்திட்டனர். குறுகிய கால ஒப்பந்தம் ஒன்றும் கிடைத்தது. செலவுக் கணக்கில் அரசின் முடிவு தவறல்ல என்றாலும், பல தலைமுறைகளாகத் தங்கள் ஏரியில் அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கணக்கு ஏற்புடையதாக இல்லை.

2024 ஆகஸ்டு மாதம் ஹவாய் மார்ஸ், கனடிய விமானப்படையின் ஸ்னோபேர்ட்ஸ் சாகசக் குழு உடன் பறக்க, விக்டோரியாவுக்கு அருகிலுள்ள விமான அருங்காட்சியகத்துக்குச் சென்றது. பிலிப்பைன் மார்ஸ் 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்குப் பறந்து சென்றது. டூசான் நகரிலுள்ள பிமா அருங்காட்சியகம் அதைப் பெற்றுக்கொண்டது. சுற்றிலும் பாலைநிலமாதலால், அது ஓர் அணைத் தேக்கத்தில்தான் இறங்க வேண்டியிருந்தது.