குடலை இட்லி தேடிப் போன கதை

சென்ற மாதம் சென்னைக்குப் போயிருந்தபோது என் பேத்தி ஒரு சீன உணவகத்துக்கு என்னைக் கூட்டிப் போனாள். வட்டமான மூங்கில் கூடை ஒன்றை மேசையில் வைத்துத் திறந்தார்கள். ஆவி பறக்க, உள்ளே நான்கு வெள்ளைப் பண்டங்கள். 'பாவ்' என்று பெயராம். கோதுமை மாவைப் புளிக்க வைத்து, நடுவில் பூரணம் வைத்து, ஆவியில் வேகவைப்பது. "தாத்தா, மூங்கில் கூடையில இட்லி மாதிரி வேக வைக்கிறாங்க பாருங்க" என்றாள். "நம்ம காஞ்சிபுரத்துல இட்லியே மூங்கில் கூடையிலதாம்மா வேகும்" என்றேன். அவள் நம்பவில்லை. "ஊருக்கு வா, காட்டறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் மனதில் வைத்திருந்தது சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் இருந்த ஒரு சின்னக் கடை. அப்பா தறிக்காரர். கூலி கைக்கு வந்த மறுநாள் காலையில், பிள்ளையார்பாளையத்திலிருந்து சைக்கிள் முன்கம்பியில் என்னை உட்கார வைத்து அங்கே அழைத்துப் போவார். கடைக்காரர் அடுப்பிலிருந்து நீளமான மூங்கில் குடலையை இறக்கி, மந்தாரை இலையை உரித்து, உருளையாக நிற்கும் இட்லியைக் கத்தியால் வில்லை வில்லையாக அறுத்துத் தருவார். இலை வாசனையும் நெய் வாசனையும் கலந்து வரும். ஆளுக்கு ஒரு வில்லை போதும், மதியம் வரை பசிக்காது.

தெரியாதவர்களுக்காகச் செய்முறையைச் சொல்கிறேன். அரிசியையும் உளுந்தையும் கரகரப்பாக அரைத்துப் புளிக்க வைப்பார்கள். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் சேர்ப்பார்கள். குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றி வைத்து மாவை ஊற்றி ஆவியில் வைத்தால், நடுப்பாகம் வேக ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். ஒரு இட்லி சுமார் ஒன்றரைக் கிலோ இருக்கும்.

இதில் மிளகாய் இல்லை என்பதைக் கவனியுங்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான் நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகுதான். இட்லியைப் பற்றிய பழைய எழுத்துகள் கன்னடத்தில் கிடைக்கின்றன. சுமார் 920-இல் எழுதப்பட்ட 'வட்டாராதனை' என்ற நூலில் 'இட்டலிகெ' என்ற பெயர் வருகிறது. சுமார் 1025-இல் வந்த 'லோகோபகாரம்' என்ற நூல், உளுந்தை மோரில் ஊறவைத்து அரைத்து, தயிர்த் தெளிவு, சீரகம், கொத்தமல்லி, மிளகு, பெருங்காயம் சேர்க்கச் சொல்கிறது. அதில் அரிசி கிடையாது. ஆனால் மிளகு, சீரகம், பெருங்காயம் மூன்றும் நம் கோயில் இட்லியில் அப்படியே இருக்கின்றன. நாம் தினமும் சாப்பிடும் வெள்ளை இட்லியைவிட, இந்த மசாலா இட்லிதான் அந்தப் பழைய குறிப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது.

பேத்தி கேட்ட கேள்விக்கும் வரலாற்றில் இடம் உண்டு. ஏழாம் நூற்றாண்டில், சுமார் 640-இல், சீன யாத்திரிகர் யுவான் சுவாங் பல்லவர் ஆண்ட நம் காஞ்சிக்கு வந்தார். அக்காலத்தில் இந்தியாவில் ஆவியில் வேகவைக்கும் பாத்திரம் இல்லை என்று அவர் சொன்னதாகக் காட்டி, உணவு வரலாற்றாசிரியர் கே.டி. ஆச்சயா, இட்லியை ஆவியில் வேகவைக்கும் முறை இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று ஊகித்தார். இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கிருந்து வந்தாலும், மூங்கிலும் இலையும் ஆவியும் சேர்ந்தால் என்ன ருசி வரும் என்று சீனருக்கும் தெரிந்திருக்கிறது, காஞ்சியாருக்கும் தெரிந்திருக்கிறது.

பேத்தி வந்தாள், கடைக்குப் போனோம். கடை இருக்கிறது, அன்றைய முதலாளியின் பேரன் நடத்துகிறார். காஞ்சிபுரம் இட்லி கேட்டோம். எவர்சில்வர் டம்ளரில் வேகவைத்த சின்ன இட்லி வந்தது. மிளகும் சீரகமும் சரியாகத்தான் இருந்தன. இலை வாசனை மட்டும் இல்லை. "குடலை எங்கேப்பா?" என்று கேட்டேன். "அது நின்னு வருஷமாச்சு சார். மூணு மணி நேரம் கேஸ் எரியணும். ஒண்ணு அறுத்தா அன்னிக்கே முழுசும் விக்கணும். வர்றவங்க ஒரு பிளேட் கேக்கறாங்க. மிச்சத்தை நான் என்ன பண்றது?" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. பி.காம். படித்து, வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதியவன் நான். எரிபொருள், கூலி, விற்காத சரக்கு மூன்றையும் கூட்டினால் அவர் சொல்வதுதான் சரி. பேத்தி முன்னால் என் வாக்குதான் பொய்த்தது.

அங்கிருந்து கோயிலுக்குப் போனோம். அங்கே பெருமாளுக்குப் படைக்கும் இட்லி இன்றும் குடலையில்தான் வேகிறது. பிரசாதமாக ஒரு துண்டு கிடைத்தது. பேத்தி வாயில் போட்டவுடன், "தாத்தா, இலை வாசனை!" என்றாள். அறுபது வருடத்துக்கு முன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அதே வாசனை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். கடையில் நின்றது கோயிலில் மட்டும் ஏன் நிற்கவில்லை? பெருமாளுக்கு நைவேத்தியம் தவறக்கூடாது என்ற வழக்கம் ஒரு காரணம். வாங்கிக்கொள்ள அங்கே நூறு கைகள் நீள்கின்றன என்பது இன்னொன்று. குடலை இட்லி ஒருவருக்கான பண்டமே இல்லை. பத்துப் பேர் கூடி அறுத்துச் சாப்பிடும் அளவில்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அப்பாவோடு போன நாளிலும் ஒரே இட்லியைத்தான் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டோம்.

விடைபெறும்போது அந்தக் கடைக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "முந்தின நாளே சொல்லி, முழுசா எடுத்துக்கறதா இருந்தா போட்டுத் தரேன் சார். தாத்தா வச்ச குடலை பரண்லதான் இருக்கு."

நம் குடியிருப்பில் ஆள் பலத்துக்குக் குறைவில்லை. வைகாசி கருட சேவை அன்று காலை, நாலைந்து குடலை இட்லி சொல்லி, நம் அரங்கில் வைத்து அறுத்துப் பங்கிடலாம் என்பது என் யோசனை. செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாம். கணக்கு நான் எழுதுகிறேன். விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பேத்தியின் பெயரை இப்போதே எழுதிவிட்டேன்.