புகை போகும் வழி

சரித்திரம் என்றால் ராஜாக்களும் யுத்தங்களும்தான் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஒரு குழாய்க்கும் சரித்திரம் உண்டு என்று எனக்குச் சொல்லித் தந்தவர் கோட்டாற்றுக்காரர் ஒருவர். வெளியூரில் விமான யந்திரங்களோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். ஆனாலும் கை சும்மா இருக்க வேண்டுமே! இளைஞர்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்க யாராவது கூப்பிட்டால் கிளம்பிவிடுவார். ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

இரண்டு பேர் உட்காரக்கூடிய சிறு விமானம் அது. மூக்கின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். நாலு சிலிண்டர்களிலிருந்தும் குழாய்கள் இறங்கி ஓர் உருளையில் சேர்ந்தன. நம் ஊரில் அதைச் சைலன்சர் என்போம். அண்ணாச்சி டார்ச் விளக்கை அடித்துப் பார்த்து, தலைமயிர் போன்ற ஒரு விரிசலைக் கண்டுபிடித்தார். அடையாளம் போட வேண்டும் என்று என் பக்கம் கையை நீட்டினார். எழுத்தாளன் சட்டைப் பையில் வேறு என்ன இருக்கும்? பென்சிலை எடுத்துக் கொடுத்தேன். பாம்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"உள்ள வையும் வே! உம்ம பென்சிலு கதை எழுதத்தான் ஆவும். இதுல கோடு போட்டா, சூட்டுல அந்தக் கரி உலோகத்துக்குள்ள எறங்கும். பொறவு கோடு போட்ட எடத்துலயே வெடிக்கும்."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பென்சிலின் கரியும், துத்தநாகம் பூசிய கருவிகளும் அந்தக் குழாயின் மேல் படக்கூடாது என்பது விமானம் பழுது பார்ப்பவர்களின் விதி. வெளியேறும் வாயுவின் வெப்பம் 700, 800 டிகிரி சென்டிகிரேடைத் தொடும். அந்தச் சூட்டில் சின்னக் குற்றமும் பெரிய குற்றமாகிவிடுகிறது.

1903 டிசம்பர் 17-ஆம் தேதி ரைட் சகோதரர்கள் பறந்தபோது இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. சார்லஸ் டெய்லர் செய்து கொடுத்த அந்த யந்திரத்துக்குச் சைலன்சர் கிடையாது. புகை சிலிண்டரிலிருந்து நேராக வெளியே வந்தது. முதல் தடவை பறந்ததே 12 விநாடிதான். அதற்குள் புகையைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

முதல் உலக யுத்தத்தில் கவலை வந்தது. அப்போது பல விமானங்களில் சிலிண்டர்களே சுழலும் யந்திரங்கள் இருந்தன. அவற்றுக்கு ஊற்றியது ஆமணக்கெண்ணெய். பெட்ரோலில் அது சுலபமாகக் கரையாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். எரிந்தது போக மிச்ச எண்ணெயை யந்திரம் புகையோடு வெளியே துப்பும். பின்னால் உட்கார்ந்திருப்பவன் முகத்தில் அது அடிக்கும். அதைச் சுவாசித்து விழுங்கிய விமானிகளுக்கு வயிறு போனதாகச் சொல்வார்கள். நாஞ்சில் நாட்டுப் பாட்டிமாரிடம் மாதம் ஒருமுறை ஆமணக்கெண்ணெய் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1925-இல் இங்கிலாந்தில் டி ஹாவிலாண்ட் கம்பெனியின் 'மாத்' விமானம் பறந்தது. பறக்கும் சங்கங்களின் செல்லப் பிள்ளை அது. அதன் பக்கவாட்டில், உட்காருபவர்களின் தோளைத் தாண்டிப் போகும்படி ஒரு நீளக் குழாய் உண்டு. புகை முகத்தில் அடிக்காமல் பின்னால் போயிற்று. சத்தமும் குறைந்தது.

அந்தக் காலத்தில்தான் நம் பக்கத்துக்கும் ஆகாய விமானம் வந்தது. 1935 அக்டோபர் 29-ஆம் தேதி டாட்டா கம்பெனியின் விமானத்தை நெவில் வின்சென்ட் திருவனந்தபுரத்தில் கொண்டு வந்து இறக்கினார். நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. ஆகவே அது நமக்கும் நம் ஊர் விமானம்தான். ஆகாயத்தில் அது போனதைப் பேசியவர்கள் உண்டு. அதன் குழாயைக் குனிந்து பார்த்து அனுப்பிய மெக்கானிக்கை யார் பேசினார்கள்?

நாளடைவில் விமானத்துக்குக் கூரையும் கதவும் வந்தன. மேலே குளிருமல்லவா? அதற்கு ஓர் உபாயம் செய்தார்கள். சூடான சைலன்சரைச் சுற்றி ஒரு தகட்டுச் சட்டை போட்டு, இரண்டுக்கும் நடுவே வெளிக்காற்றை விட்டு, அது சூடானதும் உள்ளே அனுப்பினார்கள். செலவில்லாத கணப்பு. ஆனால் சைலன்சரில் விரிசல் விட்டால் காற்றோடு புகையும் உள்ளே வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நம் ரத்தம் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் ஆசையோடு அதைப் பற்றிக்கொள்ளும். தலை லேசாக வலிக்கும், தூக்கம் வரும், சுகமான தூக்கம் என்றே தோன்றும்.

2019 ஜனவரி 21-ஆம் தேதி இரவு, பிரான்ஸிலிருந்து கார்டிஃபுக்கு ஒரு சிறு விமானத்தில் புறப்பட்ட எமிலியானோ சாலா என்ற கால்பந்து வீரர், விமானியோடு ஆங்கிலக் கால்வாயில் விழுந்து இறந்தார். அவர் ரத்தத்தில் ஹீமோகுளோபினில் 58 சதவிகிதத்தை அந்த வாயு பிடித்திருந்தது. விமானியையும் அது தாக்கியிருக்கக்கூடும், புகைக்குழாய்ப் பழுதின் வழியாகவே வந்திருக்கக்கூடும் என்று விசாரணை அறிக்கை சொன்னது. எச்சரிக்கும் கருவி ஒன்றும் அந்த விமானத்தில் இல்லை.

இப்போதெல்லாம் துருப்பிடிக்காத எஃகிலும், நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகத்திலும் குழாய் செய்கிறார்கள். ஆர்கன் வாயுவின் பாதுகாப்பில் பற்றவைக்கிறார்கள். ஒரு சிலிண்டரின் புகை போகும் வேகம் இன்னொன்றின் புகையை இழுத்துக்கொண்டு போகும்படி நீளம் பார்த்து அமைப்பவர்களும் உண்டு. யந்திரத்துக்குக் கொஞ்சம் பலமும் கூடும். ஆனால் சோதனை மட்டும் பழைய சோதனைதான். குழாய்க்குள் மெல்லக் காற்றை ஊதி, வெளியே சோப்புத் தண்ணீர் தடவுகிறார்கள். குமிழி வருகிறதா என்று பார்க்கிறார்கள். நம் சைக்கிள் கடைக்காரர் டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதற்கு இது அண்ணன் தம்பி முறை.

அன்று அந்த விரிசலில் குமிழி வரிசையாக வந்தது. அண்ணாச்சி சொன்னார்: "சைலன்சருன்னு பேரு வச்சதுதான் வே தப்பு. சத்தம் கேக்கலைன்னா நல்லாருக்குன்னு நெனச்சிருதான்."

திரும்பி வரும்போது நான் அதிகம் பேசவில்லை. இருபது வருஷத்துக்கு முந்திய ஒரு மழை இரவு ஞாபகம் வந்திருந்தது. அம்மாவையும் அக்காள் மகளையும் ஏற்றிக்கொண்டு பழைய அம்பாசடர் காரில் திருநெல்வேலியிலிருந்து வந்துகொண்டிருந்தோம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தேன். குழந்தை வழக்கத்துக்கு மாறாக உடனே தூங்கிவிட்டது. எனக்கும் தலைவலி. ஆரல்வாய்மொழி நெருங்கும்போது அம்மா, "குமட்டுதுலே" என்று கண்ணாடியை இறக்கினாள். "பிள்ளை நனையுது, ஏத்தும்மா" என்று சீறினேன். அவள் ஏற்றவில்லை, முந்தானையால் குழந்தையை மூடிக்கொண்டு, வீடு வரை சாரலில் நனைந்துகொண்டே வந்தாள்.

மறுநாள் காரைப் பார்த்த மெக்கானிக், குழாயில் ஒரு ஓட்டை, காலடித் தகட்டில் ஒரு ஓட்டை என்றார். நூறு ரூபாய் சொச்சத்தில் அடைத்தார். அம்மாவிடம் நான் அதைச் சொல்லக்கூட இல்லை. சொல்வதற்கு அவள் இப்போது இல்லை.